அத்தையின் இரண்டு குரல் பெட்டி

என்னுடைய ஜாமெட்ரி பாக்ஸில் அத்தை ஓட்டை போட்ட அன்று மத்தியானம் நான் சோறு தின்னவில்லை. அப்போதே நான் அவ்வளவு ரோஷக்காரி. ஆறாம் வகுப்புக்குப் போய் இரண்டு மாதம்கூட ஆகவில்லை. வகுப்பிலேயே என் பெட்டிதான் புதுசு. காம்பஸ், டிவைடர், ரப்பர் எல்லாவற்றையும் ஒரு காகிதத்தில் பொட்டலம் கட்டி என் கையில் கொடுத்துவிட்டு, காலிப் பெட்டியின் மூடியில் ஆணியை வைத்து ஒரே அடி. அந்த ஆணி என் நெஞ்சில்தான் இறங்கியது.

"இன்னாத்துக்கு அத்த என் பொட்டிய எடுத்த?" என்று அழுதேன்.

"கால் வெக்கறதுக்குடி," என்றாள்.

படிக்கிற புத்தகத்தில் கால் பட்டுவிட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிற வீடு எங்களுடையது. அந்த வீட்டில் கால் வைப்பதற்கென்றே ஒருத்தி ஜாமெட்ரி பாக்ஸைத் தயார் செய்கிறாள் என்றால், இவளுக்குப் பித்துதான் பிடித்திருக்கிறது என்று முடிவு கட்டினேன். தெருவில் பாதிப்பேர் எனக்கு முன்னாலேயே அந்த முடிவுக்கு வந்திருந்தார்கள்.

அத்தை என்றால் அப்பாவின் ஒரே தங்கை. அவளுக்குப் பத்தொன்பது வயது. பெற்றவர்கள் இருவரும் சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிட்டதால் அண்ணன் வீடுதான் அவள் வீடு. பாகூர் கடைத்தெருவில் அப்பாவுக்கு மளிகைக்கடை. கடைக்குப் பின்னால் அரிசி மூட்டையும் மிளகாய் மூட்டையும் அடுக்கி வைக்கிற கிடங்கு. அந்தக் கிடங்கின் ஜன்னலோரம் அத்தையின் மேஜை. பன்னிரண்டாவது பாஸ் பண்ணிவிட்டு, தபாலில் ரேடியோ ரிப்பேர் பாடம் வரவழைத்துப் படித்து, தெருவிலிருந்த அத்தனை ரேடியோக்களையும் பிரித்துப் போட்டவள் அவள். அவற்றில் பெரும்பாலானவை மறுபடியும் பாடின என்பதையும் நியாயமாகச் சொல்லிவிட வேண்டும்.

கிடங்குக்கு ஒரு சட்டம் இருந்தது. எங்கள் வீட்டில் செருப்பு வாசற்படியைத் தாண்டாது. கிடங்கிலோ செருப்பில்லாமல் யாரும் உள்ளே வரக்கூடாது. கரண்டில் கை வைக்கிறவர்கள் காலில் ரப்பர் இருக்க வேண்டும் என்பது அத்தையின் தபால் படிப்பில் முதல் பாடம். எனக்கென்று ஒரு ஜோடி ஹவாய் செருப்பு கிடங்கு வாசலில் எப்போதும் கிடக்கும். இந்தச் செருப்புச் சட்டத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் எங்கள் எல்லோரையும் கவிழ்க்கப் பார்த்தது இதுதான்.

அந்த ஜாமெட்ரி பாக்ஸ் விவகாரத்துக்கு மூல காரணம் மாமா. அம்மாவின் தம்பி. திருபுவனையில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்டு வேலை. லீவு நாளில் கிடாரைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ் ஏறி எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார். அத்தைக்கும் மாமாவுக்கும் முறை இருக்கிறதே என்று உங்களில் சிலர் இப்போதே பந்தக்கால் நட ஆரம்பித்திருப்பீர்கள். அதெல்லாம் ஒன்றும் கிடையாது. மாமாவுக்குப் போன தையிலேயே கல்யாணம் முடிந்து, மாமிக்கு வளைகாப்பு பேசிக்கொண்டிருந்தார்கள். மாமாவின் காதல் அந்தக் கிடார் ஒன்றுதான். பாண்டியில் ஒரு சொல்தா வீட்டில் வாங்கியது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்து பென்ஷன் வாங்குகிறவர்களை அப்படித்தான் சொல்வார்கள். அந்தக் கிடாரின் சிவப்புக்கு எங்கள் கடை மிளகாயே தோற்றுப்போகும்.

மாமா ஒரு மெல்லிசைக் குழுவில் வாசித்தார். கோயில் விழாக்களில் வாடகைக்கு வரும் மைக்செட்டில் கிடாரைச் செருகினால், தகர டப்பாவைக் குச்சியால் தட்டியது மாதிரி கேட்கும். கிடாருக்கென்று தனிப் பெட்டி வேண்டும் என்றார். பெட்டி என்றால் வெறும் பெட்டி இல்லை. இரண்டு குரல் வேண்டும். உருக்கமான பாட்டுக்கு வெண்ணெய் மாதிரி ஒரு குரல். ஆட்டம் போடும் பாட்டுக்குக் கரகரவென்று இன்னொரு குரல். அதுவும் பாட்டின் நடுவில், கையைக் கம்பியிலிருந்து எடுக்காமல், காலால் தட்டியே மாற்ற வேண்டும்.

"பாண்டில கேட்டன், அவ்ளோ பெரிய சாமான்லாம் மெட்ராஸ்லதான் கெடைக்கும்ன்றாங்க," என்று மாமா பெருமூச்சு விட்டார்.

"இன்னா பெரிய சாமான்? ரெண்டு சானல், நடுவுல ஒரு சுவிச்சு. நான் கட்டித்தரன்," என்றாள் அத்தை.

அப்படித்தான் ஆரம்பித்தது. சித்திரையில் ஆரம்பித்து ஆடி வரைக்கும் இழுத்தது. எங்கள் கடையில் எது காலியானாலும் அது அத்தையின் மேஜைக்குப் போனது. டீத்தூள் வந்த பலகைப்பெட்டி ஸ்பீக்கருக்கு வீடானது. எண்ணெய் டின்னை வெட்டித் தட்டி நிமிர்த்தி, அதன்மேல் சர்க்யூட்டை ஏற்றினாள். டிரான்ஸ்பார்மர் மட்டும் பாண்டி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் மாமா பொறுக்கிக்கொண்டு வந்த பழசு. கிடங்கு முழுக்க ஈயம் பற்றவைக்கிற புகையும் மிளகாய் நெடியும் ஒன்றாகக் கலந்து, கல்லாவில் உட்கார்ந்திருக்கும் அப்பா மணிக்கொரு தரம் தும்முவார்.

பெட்டி பாடத் தொடங்கிவிட்டது. குரல் மாற்றுவதில்தான் தகராறு. முதலில் சுவிட்சைப் பெட்டியிலேயே வைத்தாள். மாமா வாசிப்பை நிறுத்திவிட்டுக் குனிய வேண்டியிருந்தது. பிறகு பாட்டு ஓடும் ஒயரையே நீளமாக இழுத்து, காலடியில் ஒரு சுவிட்சில் கொண்டுவந்து சேர்த்தாள். அந்த நீள ஒயர் வானத்தில் போகிற வருகிற எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டது. மாமா கம்பியைத் தொடும் முன்பே பெட்டி கனைத்துக்கொண்டு, கத்தரிக்காயில் காய்ப்புழுவுக்கு என்ன மருந்து அடிக்க வேண்டும் என்று வானொலிக் குரலில் விளக்கியது. கடையிலிருந்து அப்பாவின் குரல் வந்தது. "தோ, இங்க ஒருத்தரு எந்தக் கடைல கெடைக்கும்னு கேக்கறாரு. அதையும் கேட்டுச் சொல்லு."

மாமா விழுந்து விழுந்து சிரித்தார். அத்தை சிரிக்கவில்லை. இரண்டு நாள் யாரோடும் பேசாமல் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தாள். மூன்றாம் நாள் பழைய இரும்புக் கடையிலிருந்து தீப்பெட்டி அளவு ஒரு சாமான் வந்தது. அதற்கு ரிலே என்று பெயர். உள்ளே செம்புக் கம்பி சுற்றிய ஒரு குட்டிக் காந்தம். கரண்ட் கொடுத்தால் ஒரு தகட்டை டக்கென்று இழுக்கும், நிறுத்தினால் விட்டுவிடும்.

"பாட்ட வெளியில அனுப்பனதுதான்டி தப்பு," என்று எனக்கு விளக்கினாள். "பாட்டு பொட்டிக்குள்ளயே இருக்கட்டும். குரல மாத்தறது உள்ள இருக்கற ரிலே வேல. கால்கிட்ட இருந்து ஒயர்ல போறது 'மாத்து'ன்ற சேதி மட்டும்தான். நான் உன்னை வுட்டு உங்கப்பாகிட்ட சொல்லி அனுப்பறன் இல்ல, அது மாதிரி."

அது எனக்கு உடனே புரிந்தது. ஏனென்றால் அப்போது அண்ணனும் தங்கையும் நேருக்கு நேர் பேசிக்கொள்வதில்லை. "அத்த கடைக்கு சாப்பாடு எடுத்தாரட்டுமான்னு கேக்குது", "அப்பா வேணாம்னு சொல்லிச்சு" என்று நடுவில் ஓடிக்கொண்டிருந்தவள் நான்தான். எனக்கு அதில் பெருமை வேறு.

பேச்சு நின்றதற்குக் காரணம் ஒரு விண்ணப்பம். பாண்டியில் பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் படிப்பதற்கு அத்தை ஒரு பாரம் வாங்கி வந்து நிரப்பி வைத்திருந்தாள். அதில் கார்டியன் கையெழுத்துப் போட வேண்டும். அப்பா பாரத்தை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, கல்லாப்பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டார். அதே வாரம் செலியமேட்டிலிருந்து தூரத்து உறவில் ஒரு சம்பந்தம் வந்திருந்தது. கரும்பு, நெல், இரண்டு பம்புசெட்டு, ஒரே பையன். "இதவுட இன்னா வேணும்?" என்று பெரியவர்கள் எல்லோரும் அப்பாவைப் போட்டு உலுக்கினார்கள். "வயசுப் பொண்ண பஸ் ஏத்தி பாண்டிக்கு அனுப்புவியா, ஆம்பள பசங்க கூட ஒயர் முறுக்க?" என்றார்கள். அப்பா எல்லோருக்கும் ஆமாம் சொன்னார். அவர் வாயில் இல்லை என்ற சொல் சரக்கைப் பற்றிக்கூட வராது. "சாயந்திரம் வந்துடும்" என்பார்.

கடைசியில் ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, கிடங்கு வரைக்கும் கேட்கும்படி சத்தமாகச் சொன்னார். "உங்க அத்தகிட்ட சொல்லு. ஆடி ரெண்டாவது வெள்ளி நம்ம உபயம். அன்னிக்கி கச்சேரில அந்தப் பொட்டி ஊரு முன்னாடி ஒழுங்காப் பாடட்டும், கையெழுத்துப் போடறன். மக்கர் பண்ணிச்சுன்னா, செலியமேட்டுக்காரங்களுக்கு அங்கியே வெத்தல பாக்கு மாத்திடுவன்."

உள்ளே ஈயம் பற்றவைக்கிற கோலைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு அத்தையும் அதே சத்தத்தில் சொன்னாள். "சரின்னு சொல்லுடி."

எனக்கு அப்பாவின் மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. பாரம் போய்ச் சேரவேண்டிய கடைசி நாள் அந்த வெள்ளிக்கு அடுத்த திங்கள். எனக்கே தெரிந்த விஷயம் அவருக்குத் தெரியாதா? அன்றைக்குத்தான் நான் ஜாமெட்ரி பாக்ஸை மனதார விட்டுக்கொடுத்தேன். அத்தை அதற்குள் ஓர் அமுக்கு சுவிட்சை வைத்தாள். ஒருமுறை அமுக்கினால் வெண்ணெய்க் குரல். இன்னொருமுறை அமுக்கினால் கரகரக் குரல். ரிலே விடும்போதெல்லாம் ஸ்பீக்கரில் டொப்பென்று ஓர் உதை விழுந்தது. அதையும் டயோடு என்று மிளகு அளவு ஒரு சாமானைக் குறுக்கே வைத்து அடக்கினாள். வெள்ளிக்கு முந்தின நாள், மாமா செருப்புக் காலால் ஜாமெட்ரி பாக்ஸைத் தட்டித் தட்டி நூறு தரம் மாற்றிப் பார்த்தார். ஒருதரம்கூடத் தவறவில்லை.

எங்கள் குடும்பத்து உபயம் என்றால் இரண்டுக்குப் பெயர் போனது. ஒன்று, அம்மன் கோயில் முன்னால் நடக்கும் கச்சேரி. இன்னொன்று, கச்சேரி முடிந்து தீபாராதனை ஆனபிறகு கொடுக்கும் கொண்டைக்கடலைச் சுண்டல். இதில் அப்பாவுக்குச் சுண்டல்தான் உசத்தி. கடையிலேயே நல்ல கடலையாகப் பொறுக்கி எடுத்து, முதல்நாளே ஊறப்போட்டு, வெந்த பதத்தை அவரே நசுக்கிப் பார்த்து, தேங்காயும் மாங்காயும் போட்டுத் தாளித்து இறக்கினால்தான் அவருக்கு நிம்மதி. "நம்ம கடைச் சரக்க ஊரே வாய்ல போட்டுப் பாக்கற நாளு," என்பார். ஆடி முடிகிறவரைக்கும் அந்தச் சுண்டலைப் பற்றி யாராவது இரண்டு வார்த்தை சொல்லிக்கொண்டிருப்பார்கள். அப்பா கல்லாவில் உட்கார்ந்து காது கேட்காதவர் மாதிரி கேட்டுக்கொண்டிருப்பார்.

அந்த வெள்ளிக்கிழமை அம்மா ஒரு காரியம் செய்தாள். உபயக்காரர் வீட்டுப் பெண்கள் மேடையைத் தெளித்துக் கோலம் போடுவது வழக்கம். மேடை என்றால் சிமெண்டு கிடையாது; கோயிலுக்கு எதிரே மண்ணைக் கொட்டிக் கெட்டிப்படுத்திய மேடு. இந்த வருஷம் செலியமேட்டுக்காரர்களும் வருகிறார்கள், தம்பியும் வாசிக்கிறான் என்ற பூரிப்பில், எப்போதும் தெளிக்கிற தண்ணீரோடு இன்னும் நாலு குடம் சேர்த்து ஊற்றி மெழுகிவிட்டாள். மேலே கோலம் பளிச்சென்று பூத்தது. அதன்மேல் ஜமக்காளத்தை விரித்தார்கள். எல்லோரும் அம்மாவைப் புகழ்ந்தார்கள். நானும்தான் புகழ்ந்தேன்.

சாயங்காலம் ஆறு மணிக்குக் கச்சேரி. முன்வரிசை நாற்காலியில் அப்பா. அவருக்கு இரண்டு பக்கமும் செலியமேட்டுப் பெரியவர்கள். மாற்றுவதற்கு வெற்றிலைத் தட்டு அவர்கள் மடியில் தயாராக இருந்தது. அத்தை பெண்கள் பக்கம் கடைசியில், தூணை ஒட்டி உட்கார்ந்திருந்தாள். மேடைப் பக்கம் வரக்கூடாது என்று அம்மா சொல்லிவிட்டாள்; பெண் பார்க்கிறவர்கள் முன்னால் ஸ்குரூ டிரைவரும் கையுமாக நிற்பதா? அதனால் பெட்டிக்குப் பக்கத்தில் என்னை உட்கார வைத்தார்கள். என் மடியில் உபரி ஒயர் ஒரு சுருள்.

மாமா கிடாரோடு மேடை ஏறினார். ஏறும்போது செருப்பைக் கீழே கழற்றிவிட்டார். எதிரே அம்மன் சன்னிதி திறந்திருக்கிறது. அங்கே செருப்புக் காலோடு யார் நிற்பார்கள்? அத்தை நூறு தரம் சோதித்துப் பார்த்த பெட்டி, வெறுங்காலை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தது.

முதல் பாட்டு பாதிவரைக்கும் அருமையாகப் போனது. பெட்டி வெண்ணெயாகப் பாடியது. நான் பெருமையோடு செலியமேட்டுக்காரர்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குள் அம்மா ஊற்றிய ஐந்தாறு குடமும் மெல்ல மேலே ஏறி ஜமக்காளத்தை நனைத்துவிட்டது. திடீரென்று மாமா துள்ளினார். "ஆவ்!" என்று மைக்கில் கேட்டது. கம்பியிலிருந்து கையை உதறினார். மறுபடி தொட்டார்; மறுபடி துள்ளினார். துள்ளின வேகத்தில் கால் ஜாமெட்ரி பாக்ஸில் டக் டக்கென்று விழ, கிடார் கரகரவென்று கத்தி, குழைந்து, மறுபடி கத்தியது. ஸ்பீக்கரில் உர்ரென்று ஓர் உறுமல் எழுந்து அடங்கவே இல்லை. பாடகர் பாட்டை நிறுத்திவிட்டார்.

கூட்டம் சிரித்தது. கோயில் வாசலில் மாமா ஆடுவதைப் பார்த்து, "சாமி வந்துடுச்சிடோய்!" என்று ஒருத்தன் கத்தினான். செலியமேட்டுப் பெரியவர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். "பொட்டப்புள்ள கட்டன பொட்டி பின்ன எப்டி பாடும்?" என்று அவர் சொன்னது என் காதில் விழுந்தது.

நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் முகம் கல்லாப்பெட்டி மாதிரி மூடியிருந்தது. எழுந்தார். வெற்றிலைத் தட்டைக் கேட்கப் போகிறார், எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். அவர் மைக்கைக் கையில் வாங்கி, "இது சும்மா டெஸ்டிங்கு. கச்சேரி இனிமேதான். அதுக்கு முன்ன எல்லாரும் கோயில் பின்பக்கம் போயி சுண்டல் வாங்கிக்கினு வந்துடுங்க," என்றார்.

அவ்வளவுதான். சுண்டல் என்ற சொல் கேட்டபிறகு யார் உட்கார்ந்திருப்பார்கள்? கூட்டம் மொத்தமாக எழுந்தது. குழந்தைகள் ஓடின, பெண்கள் முந்தானையை ஏந்திக்கொண்டு ஓடினார்கள். செலியமேட்டுக்காரர்களை அப்பாவே கையைப் பிடித்துப் பின்பக்கம் அழைத்துக்கொண்டு போனார். பாவி மனுசன், இங்கே தங்கச்சியின் தலையெழுத்து அழிகிறது, இவருக்குச் சுண்டல் கேட்கிறதா என்று எனக்கு அழுகை அழுகையாக வந்தது.

அந்தக் களேபரத்தில் யாரும் பார்க்காமல் அத்தை மேடைக்கு வந்துவிட்டாள். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, புறங்கையால் எண்ணெய் டின் தகரத்தைத் தொட்டாள். சுருக்கென்று கையை இழுத்துக்கொண்டாள். குனிந்து ஜமக்காளத்தைத் தூக்கி ஈரத்தைப் பார்த்தாள். மாமாவின் வெறுங்காலைப் பார்த்தாள். பிறகு தன் தலையில் தானே ஒரு குட்டு வைத்துக்கொண்டாள்.

"செருப்பு! கெடங்குல எல்லாரும் செருப்புல நின்னோம். பழைய டிரான்ஸ்பார்மரு, கொஞ்சூண்டு கரண்ட்டு தகரத்துல கசியுது. இங்க ஈரமண்ணு, வெறுங்காலு. அந்தக் கரண்டு உங்க ஒடம்பு வழியா பூமிக்கு எறங்குது மாமா. எர்த்து குடுக்கணும். கரண்டு எறங்க வேற வழி காட்டிட்டா உங்கள வுட்டுடும்."

என் மடியிலிருந்த ஒயரின் ஒரு முனையைத் தகரத்தில் முறுக்கி ஸ்குரூவைத் திருகினாள். இன்னொரு முனையை என் கையில் கொடுத்தாள். "ஓடு. மண்ணுல ஆழமா எறங்கின இரும்பு எதுனா இருக்கும், பாத்து இறுக்கிக் கட்டு. பெயிண்ட்டு இல்லாத எடமா பாத்துக் கட்டணும், புரிஞ்சுதா? போ!"

நான் ஒயரை இழுத்துக்கொண்டு மேடையிலிருந்து குதித்தேன். பந்தல் கால்கள் எல்லாம் மூங்கில். மைக்செட்டுக்காரரின் குழாய் ஸ்பீக்கர் மரக்கம்பத்தில் நின்றிருந்தது. ஒயர் எட்டுகிற தூரத்தில் மண்ணில் ஆழமாக இறங்கின இரும்பு ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அம்மன் சன்னிதிக்கு எதிரே, மஞ்சளும் குங்குமமும் பூசி, எலுமிச்சம்பழம் குத்தி நின்ற சூலம். என் உயரத்துக்கு மேலே இருக்கும். எத்தனை ஆழம் போகிறது என்று பூசாரிக்கே தெரியாது என்பார்கள்.

சாமியிடம் கரண்டை அனுப்பலாமா? ஆத்தாளுக்குச் சுருக்கென்று குத்திவிட்டால்? திரும்பி மேடையைப் பார்த்தேன். அத்தை இரண்டு கையையும் தூக்கிச் சீக்கிரம் என்றாள். கண்ணை மூடிக்கொண்டு, "ஆத்தா, அத்தைக்காகக் கொஞ்சம் பொறுத்துக்கோ," என்று வேண்டிக்கொண்டு, அடியில் மஞ்சள் உதிர்ந்த இடமாகப் பார்த்து, பாவாடை நாடாவுக்குப் போடுகிற முடிச்சாக மூன்று முடிச்சு போட்டேன். மேலே கொஞ்சம் மண்ணைத் தள்ளி மறைத்தேன். மேடைக்குத் திரும்பியதும், இரும்புதானே என்று அத்தை கேட்டாள். இரும்புதான் என்றேன். பொய் ஒன்றும் இல்லையே.

உறுமல் நின்றிருந்தது. மாமா பயந்து பயந்து ஒரு விரலால் கம்பியைத் தொட்டார். பிறகு இரண்டு விரலால். பிறகு முகமெல்லாம் பல்லாக முழுக்கையையும் வைத்தார்.

கூட்டம் கையில் இலையோடு திரும்பி வந்து உட்கார்ந்தபோது அத்தை தூணோரம் தன் இடத்தில் ஒன்றும் தெரியாதவள் மாதிரி இருந்தாள். பாட்டு தொடங்கியது. முதலில் வெண்ணெய்க் குரல். சரணம் முடிகிற இடத்தில் மாமா வெறுங்காலை மெதுவாக என் ஜாமெட்ரி பாக்ஸின் மேல் வைத்தார். டக். கிடார் கரகரவென்று எழுந்து நின்றது. அந்தச் சத்தத்தை எங்கள் ஊர் அதற்கு முன்னால் கேட்டதில்லை. ஒரு நொடி எல்லோரும் மெல்லுவதை நிறுத்தினார்கள். பிறகு பின்னாலிருந்து ஒரு விசில், அதன்மேல் இன்னொரு விசில். நான் எழுந்து நின்று கத்தினேன். யாராவது என்னை அப்போது பார்த்திருந்தால், அந்தப் பெட்டியைக் கட்டியவளே நான்தான் என்று நினைத்திருப்பார்கள். ஏழு பாட்டு வாசித்தார்கள். எத்தனை தரம் குரல் மாறியதோ, ஒருதரம்கூடத் தவறவில்லை.

கடைசியில் செலியமேட்டுப் பெரியவர் எழுந்து துண்டை உதறியபோது அப்பா கைகூப்பினார். "ஊரே பாத்துச்சு. நானும் வாய வுட்டுட்டன், சாமி முன்னாடி. பொண்ணு படிக்கட்டும்னு இருக்கன். மனசுல ஒண்ணும் வெச்சுக்காதீங்க," என்றார். முகத்தைப் பரிதாபமாக வைத்துக்கொண்டு அவர் சொன்ன விதம், ஏதோ பந்தயத்தில் தோற்றவர் மாதிரி இருந்தது. அப்பாவை அத்தை ஜெயித்துவிட்டாள் என்று எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

மறுநாள் காலை கடை திறந்ததும் அப்பா என்னைக் கூப்பிட்டார். கல்லாவைத் திறந்து பாரத்தை எடுத்தார். கையெழுத்துப் போட்டிருந்தது. அதனோடு ஒரு சுருள் ஒயர். அத்தை சுற்றுகிற மாதிரியே கட்டைவிரலுக்கும் முழங்கைக்கும் கொடுத்துச் சீராகச் சுற்றியிருந்தது. முனையில் மஞ்சள் ஒட்டியிருந்தது.

"ரெண்டையும் உங்க அத்தகிட்ட குடு. ஒயர பூசாரி பாக்கறதுக்கு முன்ன நானே அவுத்துட்டன்."

அடி விழப்போகிறது என்று காத்திருந்தேன். விழவில்லை. அந்தத் தைரியத்தில், ராத்திரியெல்லாம் மனதில் வைத்துக் குமைந்ததைக் கேட்டுவிட்டேன். "ஏன்ப்பா, கச்சேரி பாதியில நிக்கறப்ப உனக்கு சுண்டல்தான் முக்கியமாப் போச்சா?"

அப்பா தராசுத் தட்டைத் துடைத்தார். "ஆறிப்பூடும் இல்ல," என்றார்.

நானும் நம்பினேன். பாரத்தையும் ஒயரையும் தூக்கிக்கொண்டு கிடங்குக்கு ஓடினேன். அத்தை பாரத்தைப் பார்த்துவிட்டு ஒயரைத்தான் ரொம்ப நேரம் கையில் வைத்திருந்தாள். கண் கலங்கினாள். பிறகு செருப்பைக்கூட மாட்டாமல் எழுந்து கடைக்குப் போனாள். அண்ணனுக்குப் பக்கத்தில் போய் நின்று, "ணா, டீ எதுனா குடிக்கறியா?" என்று கேட்டாள். நடுவில் நான் இல்லாமல் அவர்கள் பேசியது எனக்குக் கொஞ்சம் வருத்தமாகக்கூட இருந்தது.

அடுத்த ஆடி வரைக்கும் எங்கள் சுண்டலைப் பற்றித்தான் ஊரில் பேச்சு. பல்லில் போட்டால் கல்லாக இருந்ததாம். உப்பு இல்லை, தாளிப்பு இல்லை, தேங்காய் மாங்காய் கண்ணிலேயே படவில்லையாம். அரிசி வாங்க வருகிறவர்கள்கூட, "இன்னா மொதலாளி, இந்தக் கடலயாவது வேவுமா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். தன் சரக்கைப் பற்றி ஒரு சொல் பொறுக்காத மனிதர், ஒரு வருஷம் முழுக்கச் சிரித்துக்கொண்டே பொட்டலம் கட்டினார். எனக்கு அவமானமாக இருந்தது. அப்பா இந்த வருஷம் கடலையில் ஏமாந்துவிட்டார் என்று நானும் தோழிகளிடம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அத்தை படித்து, வேலைக்குப் போய், எத்தனையோ பெட்டிகளைக் கட்டிவிட்டாள். அன்றைக்குச் சுண்டலை அள்ளிக் கொடுத்த அம்மா மட்டும், சில வருஷம் கழித்து ஏதோ பேச்சில், அந்தச் சாயங்காலம் தன் உள்ளங்கையெல்லாம் கொப்பளித்துப் போனதாகச் சொன்னாள். ஆறிப்போய்விடும் என்றாரே அப்பா, அந்தச் சுண்டல் அப்போது அடுப்பிலேயே கொதித்துக்கொண்டிருந்ததாம். வேக இன்னும் அரைமணி நேரம் இருந்ததாம்.